சுவருக்கு 50 மார்க், கதவுக்கு 20

சத்தம் தடுப்பது பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் ஒரே குழப்பம்தான். விற்பவர் ஒரு எண்ணைச் சொல்கிறார், அந்த எண் எதை அளக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியவில்லை. அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவே தடுப்புச் சுவர் போட மூன்று பேரிடம் விசாரித்தேன். ஒருவர் எஸ்.டி.சி. 50 என்கிறார். இன்னொருவர் ஆர்.டபிள்யூ. 51 என்கிறார். மூன்றாமவர் என்.ஆர்.சி. 0.95, "கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு" என்கிறார். யாருடையதை எடுப்பது?

பதில்: மூன்றாமவரை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அவர் பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார். என்.ஆர்.சி. என்பது ஒரு பரப்பு ஒலியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற கணக்கு. 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற அளவு, எண் சிறிதானால் ஒலி தாழ்ந்தது) ஆகிய நான்கு அதிர்வெண்களில் அளந்து சராசரி எடுப்பார்கள். 0.95 என்றால் அதன் மேல் படும் ஒலி அறைக்குள் அவ்வளவாகத் திரும்பி வராது, எதிரொலி அடங்கும். அடுத்த அறைக்கு எவ்வளவு போகிறது என்பதை அந்த எண் சொல்லாது. திறந்த ஜன்னலை நினைத்துப் பாருங்கள். அதில் படும் ஒலி எதுவும் திரும்புவதில்லை, ஆகவே உறிஞ்சும் கணக்கில் அதற்கு முழு மார்க். தடுக்கும் கணக்கில் பூஜ்யம்.

மற்ற இருவரும் சொல்வதுதான் தடுக்கும் கணக்கு. ஆய்வுக்கூடத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே அந்தச் சுவரைக் கட்டி, ஒரு பக்கம் பலத்த இரைச்சலை எழுப்பி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று அளப்பார்கள். எஸ்.டி.சி.யில் 125 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை 16 பட்டைகளாக, அதாவது துண்டுகளாகப் பிரிப்பார்கள். பட்டைக்கு ஒன்றாகக் கிடைக்கும் அந்த 16 அளவுகளின் மேல் ஒரு நிலையான வளைகோட்டை வைத்து மெல்ல உயர்த்துவார்கள். சுவரின் அளவு அந்தக் கோட்டுக்குக் கீழே விழும் இடமெல்லாம் குறை. எல்லாக் குறைகளும் சேர்ந்து 32 டெசிபெல்லை (ஒலி அளவின் அலகு) தாண்டக் கூடாது, எந்த ஒரு பட்டையிலும் 8-ஐத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் உயர்த்த முடியாது என்று கோடு நிற்கும்போது 500 ஹெர்ட்ஸில் அது காட்டும் எண்தான் எஸ்.டி.சி.

ஆர்.டபிள்யூ. என்பது ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அமைப்பின் முறை. அங்கே 100 முதல் 3150 ஹெர்ட்ஸ் வரை பார்ப்பார்கள், 32 விதி உண்டு, 8 விதி கிடையாது. பெரும்பாலும் ஒரே சுவருக்கு இரண்டும் ஓரிரு எண் முன்பின்னாகத்தான் வரும். எனவே உங்கள் 50-க்கும் 51-க்கும் வித்தியாசம் பார்க்க வேண்டாம். 3 டெசிபெல் மாறினால்தான் காது லேசாகக் கவனிக்கும். 10 குறைந்தால்தான் "பாதியாகிவிட்டது" என்று தோன்றும்.

கையிலுள்ள எண்ணைக் காதுக்கு மொழிபெயர்த்தால் இப்படி வரும். 25-இல் அடுத்த அறையில் சாதாரணமாகப் பேசுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். 35-இல் உரக்கப் பேசினால் குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. 45-இல் முணுமுணுப்பு. 50-ஐத் தாண்டினால் பேச்சு போய்விடும், உரத்த இசை மட்டும் மங்கலாக வரும். இதெல்லாம் கேட்கும் அறை எவ்வளவு அமைதியானது என்பதைப் பொறுத்தது. மின்விசிறி ஓடும் அறையில் 45 போதும் என்பவர், நள்ளிரவில் அது போதாது என்பார்.

கேள்வி: எஸ்.டி.சி. 50 சான்று உள்ள சுவர்தான் போட்டேன். சோதனை அறிக்கையும் உண்மையானதே. ஆனாலும் பக்கத்து அறையில் போனில் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அநேகமாக இல்லை. சுவரில் கதவு இருக்கிறதா?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சுவர் மொத்தம் 10 சதுர மீட்டர், அதில் 2 சதுர மீட்டர் கதவு. சுவருக்கு 50. கதவு உள்ளே கூடான சாதாரண ரகம், அதற்கு 20. சராசரி 40-க்கு மேல் வரும் என்று மனம் சொல்லும். வருவது 27. டெசிபெல் கணக்கில் 50 என்றால் லட்சத்தில் ஒரு பங்கு ஒலி கடக்கிறது, 20 என்றால் நூற்றில் ஒரு பங்கு. கதவு வழியே போவதோடு ஒப்பிட்டால் சுவர் வழியே போவது ஒன்றுமே இல்லை. கோபம் வந்து சுவரை 60 ஆக்கினாலும் மொத்தம் அதே 27-தான். சுவரைத் தொடாமல் கதவை மட்டும் 35 ஆக்கினால் மொத்தம் 41-க்கு ஏறிவிடும். எங்கே செலவு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

கதவு நல்லதாக இருந்தும் அடியில் இடைவெளி இருந்தால் கதை முடிந்தது. ஒரு மீட்டர் அகலக் கதவுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் சந்து என்பது அந்தப் பத்து சதுர மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது ஒன்றே மொத்தத்தை 30-க்கு மேல் ஏற விடாது. காற்று நுழைகிற இடத்தில் ஒலி நுழையும். எனவே நிலையைச் சுற்றி ரப்பர் பீடிங், அடியில் கதவு மூடும்போது தானாக இறங்கும் தடுப்பு, சுவர் ஓரங்களில் காய்ந்தாலும் விறைக்காத சீலன்ட் என்று போக வேண்டும். இந்தச் சில்லறை வேலைகளைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள்.

அப்புறம் பார்க்க வேண்டியது சுவரின் தலை. என் வேலை அறைக்கே இந்தக் கதி நேர்ந்தது. நல்ல சுவர், கனமான கதவு, ஆனால் போட்டவர் சுவரை ஃபால்ஸ் சீலிங் வரை மட்டும் எழுப்பி நிறுத்திவிட்டார். மேலே இரண்டு அறைக்கும் ஒரே வெற்றிடம். குரல் ஏறி, தாண்டி, இறங்கி வந்தது. சீலிங்கைப் பிரித்துச் சுவரைக் கான்கிரீட் தளம் வரை கொண்டுபோன பிறகுதான் நின்றது. சுவரின் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் வைத்த பிளக் பெட்டிகள், இரண்டு அறைக்கும் பொதுவான ஏ.சி. குழாய், தொடர்ச்சியாக ஓடும் தரை ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். ஆய்வுக்கூடத்தில் இந்தச் சுற்றுவழிகள் கிடையாது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட விதித்தொகுப்பு வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஆய்வுக்கூட அளவில் 50 கேட்கிறது, கட்டி முடித்த இடத்தில் அளந்தால் 45 போதும் என்கிறது. அந்த 5 கட்டுமானத்துக்கான கழிவு. நீங்களும் மனதில் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹோம் தியேட்டர் அறைக்கு எஸ்.டி.சி. 55 சுவர். வசனம் துளிகூட வெளியே கேட்கவில்லை. ஆனால் சப்-ஊஃபர் "தும் தும்" என்று வீடு முழுக்க வருகிறது.

பதில்: எஸ்.டி.சி. 125 ஹெர்ட்ஸுக்குக் கீழே பார்ப்பதே இல்லை. அது பேச்சு, தொலைக்காட்சி போன்ற வீட்டுச் சத்தங்களை மனதில் வைத்து வகுத்த எண். பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ், சப்-ஊஃபர் அதற்கும் கீழே போகும். பரீட்சையில் வராத பாடத்தில் சுவர் எவ்வளவு மார்க் வாங்கும் என்று எப்படித் தெரியும்? ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, பட்டை வாரியான முழு அட்டவணையைக் கேளுங்கள். 50 ஹெர்ட்ஸ் வரை அளந்த அறிக்கைகளும் உண்டு.

தாழ்ந்த ஒலியை நிறுத்த எடை வேண்டும், எடை மட்டும் போதாது. ஒற்றைச் சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 5 அல்லது 6 டெசிபெல்தான். எனவே ஒன்றையொன்று தொடாத இரண்டு அடுக்கு, நடுவே அகலமான இடைவெளி, அதில் ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு) என்று போவார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இருக்கும் இரட்டை அடுக்குச் சுவர் மேல் சிறிய இடைவெளி விட்டு மூன்றாவதாக ஒரு போர்டு அடித்தால் தாழ்ந்த ஒலி குறைவதற்குப் பதில் கூடலாம். சிறிய காற்றுப் பை ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து அந்தத் தாழ்ந்த ஒலிக்கே சேர்ந்து ஆடும். அதே போர்டை இடைவெளி விடாமல் பழைய போர்டோடு ஒட்டி அடித்தால் அந்த ஆபத்து இல்லை.

கேள்வி: மேல் மாடியில் நடப்பது, நாற்காலி இழுப்பது எல்லாம் தலைக்கு மேல் இடிக்கிறது. கான்கிரீட் தளம்தானே, நல்ல எஸ்.டி.சி. இருக்காதா?

பதில்: இருக்கும். 15 சென்டிமீட்டர் கான்கிரீட் எஸ்.டி.சி.யில் 50-ஐ எளிதாகத் தாண்டும், மேல் மாடிப் பேச்சு உங்களுக்குக் கேட்காது. காலடிக்குத் தனி எண், ஐ.ஐ.சி. ஐந்து எஃகுச் சுத்தியல், ஒவ்வொன்றும் அரை கிலோ, 4 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்குப் பத்து அடி. இப்படித் தட்டும் ஓர் இயந்திரத்தைத் தரையில் வைத்துக் கீழ் அறையில் அளப்பார்கள். அதே கான்கிரீட், மேலே எதுவும் விரிக்காவிட்டால், இதில் 30-ஐ ஒட்டித்தான் வாங்கும். கம்பளம் விரித்தால் எண் தாவி ஏறும், ஓடு பதித்தால் ஏறாது. மருந்து மேல் மாடித் தரையில் இருக்கிறது, நோய் உங்கள் கூரையில். அதுதான் இதில் சங்கடம். அவர்கள் சம்மதித்தால் தரைக்கும் ஓட்டுக்கும் நடுவே ரப்பர் அல்லது கார்க் விரிப்பு. சம்மதிக்காவிட்டால் உங்கள் பக்கம் ஸ்பிரிங் அல்லது ரப்பர் கொக்கியில் தொங்கும் தனிக் கூரை. அது அவ்வளவு சுலபமாகவும் நடக்காது, முழுதாகவும் தீராது.

விரிப்பு விற்பவர் "ஐ.ஐ.சி. 70" என்றால், அந்த எண் விரிப்புக்கா, அல்லது தடித்த கான்கிரீட், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் சேர்ந்த முழு அடுக்குக்கா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். விரிப்பால் மட்டும் எவ்வளவு கூடுகிறது என்பதற்கு டெல்டா ஐ.ஐ.சி. என்று தனி எண் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. முறையில் காலடிக்கான எண் எல்.என்.டபிள்யூ. அதில் குறைவாக இருந்தால்தான் நல்லது. இரண்டையும் கலந்து ஒப்பிட்டு மோசமானதை வாங்கிவந்தவர்கள் உண்டு.

கேள்வி: சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால்?

பதில்: முட்டைக்குத்தான் பாதுகாப்பு. எடையே இல்லாத பொருள் எதையும் தடுக்காது. மெல்லிய ஃபோமுக்கும் இதே பதில்தான். எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே.

கேள்வி: சாலையோர வீடு. லாரி, பஸ் சத்தத்துக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் எஸ்.டி.சி.யைப் பார்த்து அல்ல. போக்குவரத்து இரைச்சலில் தாழ்ந்த ஒலி அதிகம். அதற்கு ஓ.ஐ.டி.சி. என்ற எண் 80 ஹெர்ட்ஸிலிருந்து கணக்கிடும். ஐ.எஸ்.ஓ. அறிக்கையானால் ஆர்.டபிள்யூ.வுக்குப் பக்கத்தில் சி.டி.ஆர். என்று ஒரு திருத்தம் இருக்கும், பெரும்பாலும் கழித்தல் குறியோடு. ஆர்.டபிள்யூ. 38, சி.டி.ஆர். கழித்தல் 6 என்றால் லாரிக்கு எதிரே அது 32-தான். வெப்பத்துக்காகச் செய்த இரட்டைக் கண்ணாடியின் ஒடுங்கிய இடைவெளி ஒலிக்குப் பெரிதாக உதவாது. ஒரே தடிமனில் இரண்டு கண்ணாடி வாங்காமல், வேறு வேறு தடிமனில், ஒன்றாவது லேமினேட்டட் (நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது) ஆக இருக்கும்படி கேளுங்கள். பழைய ஜன்னலை வைத்துக்கொண்டே உள்பக்கம் 10 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு ஜன்னல் போடுவது பல நேரம் இதைவிட நல்ல பலன் தரும். எதுவானாலும் சட்டத்தின் ரப்பர் சரியாக அமர்கிறதா என்று மூடிப் பாருங்கள்.

கேள்வி: "80 சதவீதம் சத்தம் குறையும்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்பலாம், அதனால்தான் வாங்க வேண்டாம் என்கிறேன். ஒலி ஆற்றலில் 80 சதவீதம் போனால் 7 டெசிபெல் குறையும். காதுக்குப் பாதிகூடக் குறைந்ததாகத் தெரியாது. 99 சதவீதம் போனால்தான் 20 டெசிபெல், அதாவது மேலே சொன்ன அந்தக் கூடான கதவு. எஸ்.டி.சி. 50 சுவரைச் சதவீதத்தில் எழுதினால் ஏறத்தாழ 99.999 என்று வரும். சதவீதத்தில் பேசுபவரிடம் எந்த அடுக்கைச் சோதித்தீர்கள், போர்டு எத்தனை, இடைவெளி எவ்வளவு, எந்த ஆய்வுக்கூடம், அறிக்கை எங்கே என்று கேளுங்கள். அறிக்கை வந்தால் அதிலுள்ள படத்தையும் உங்கள் வீட்டில் கட்டப்போவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.