பெயரை மளிகைக்கடைக்காரரிடம் வாசிக்கக் கொடு

அக்கா என்று அழைத்து எழுதியிருக்கிறாய். என் மூத்த மகனுக்கே முப்பது வயது. கணக்குப் பார்த்தால் நான் உனக்கு அத்தை முறைக்கு வரவேண்டும். ஆனாலும் திருத்தப் போவதில்லை, இனிக்கத்தான் செய்கிறது. நானும் உன்னை நீ என்றே எழுதுகிறேன்.

உனக்கு நாமக்கல் பக்கம் கோயிலில் தாலி கட்டி ஐந்தரை மாதம். கணவர் ஊரான மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து ஐந்து மாதம். வயிற்றில் ஐந்தாம் மாதம், ஸ்கேனில் ஆண் பிள்ளை என்று சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் சட்டப்படி சொல்லக்கூடாது, இங்கே கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். யாரும் வைக்காத பெயராக வைக்கவேண்டும் என்று இருவருக்கும் ஆசை. நீ பாரி என்கிறாய், இல்லாவிட்டால் பரிதி. அவர் ஷகரமும் வகரமும் கலந்து, எந்த மொழியிலும் பொருளில்லாத ஒரு பெயரைப் பிடித்து வைத்திருக்கிறார். எதை வைத்தால் பின்னால் தொல்லை இல்லை என்பது உன் கேள்வி. கூடவே வீட்டு வாடகை, மலாய் கற்பது, புடலங்காய் கிடைக்குமா என்பதெல்லாம். புடலங்காய் கிடைக்கும். வாடகையை உன் மாமியாரிடம் கேள். மலாய் கற்றே ஆகவேண்டும், அதற்குக் காரணம் பெயர்க் கதையிலேயே வரும்.

நான் முசிறிப் பக்கம். 1993-இல் சென்னையில் விமானம் ஏறி, அப்போதிருந்த சுபாங் விமான நிலையத்தில் இறங்கி, ஈப்போவுக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் இந்த ஊருக்கு வந்தேன். நீ இறங்கியது தரைவீட்டு வாசலில். நான் இறங்கியது செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கேட்காது. அதற்கெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டேன். பழகாதது ஒன்றுதான். இந்த நாட்டில் காலை வைத்ததும் என் பெயர் காணாமல் போயிற்று.

என் பெயர் மலர்விழி. பாஸ்போர்ட்டில் முன்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு வரிகள் உண்டல்லவா? நமக்கு ஏது குடும்பப்பெயர்? எழுதிக்கொடுத்தவர் அந்த வரியில் அப்பா பெயரைப் போட்டுவிட்டார். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு மருத்துவமனைக்குப் போனோம். பெஞ்சில் மாமியாரும் நானும் உட்கார்ந்திருக்கிறோம். உள்ளேயிருந்து தாதி 'சின்னசாமி' என்று கூப்பிடுகிறார். யாரும் எழவில்லை. மறுபடி 'சின்னசாமி'. கர்ப்பிணிகள் வரிசையில் எந்தக் கிழவனார் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நானும் எல்லாரோடும் சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். நான்கு முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்கள். மதியம் ஒரு மணிக்குத்தான் அந்தச் சின்னசாமி நான்தான் என்று தெரிந்தது. பசியில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. மாமியார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசில் ஒரு கறிபப் வாங்கிக் கொடுத்தார்.

சின்னசாமியை விட்டுவிட்டு என் சொந்தப் பெயரைச் சொன்னாலாவது நிம்மதி கிடைத்ததா? நம் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட்டும் எச்சும் போட்டிருந்தார்கள். இங்கே அதை 'மாலார்விஸி' என்று படித்தார்கள். முதல் வருடம் திருத்தினேன். இரண்டாம் வருடம் சிரித்தேன். மூன்றாம் வருடத்திலிருந்து மாலா. மாலா என்றால் மலாய்க்காரரும் சீனரும் ஒரே மாதிரி கூப்பிடுகிறார்கள். நானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி அது, யாரும் சொல்லித்தரவில்லை.

இனி உன் பாரிக்கு வருகிறேன். முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளல், பறம்பு மலைத் தலைவன், எல்லாம் சரி. இரவுச் சந்தையான பாசார் மாலாமுக்கு ஒருநாள் போ. வாழையிலையில் சம்பல் தடவிச் சுடும் மீன் கடையின் பலகையைப் பார். ஈக்கான் பாரி பாக்கார் என்று எழுதியிருக்கும். பாரி என்றால் இங்கே திருக்கை மீன். வள்ளலே வேண்டும் என்று காரியைத் தேடிப் போனால் அது இன்னும் மோசம், மலாயில் காரி என்றால் நம் கறிக்குழம்பு. பரிதி என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி ஒரு மலாய்ப் பிள்ளையிடம் காட்டு. முதல் ஐந்து எழுத்தோடு நின்றுவிடுவான். பாரிட் புந்தார் என்று ஓர் ஊர் இருக்கிறதே, அந்தப் பாரிட்தான். சாக்கடைக்கும் வாய்க்காலுக்கும் அதுதான் சொல். பாரியின் நெடிலுக்காக இரண்டு ஏ போட்டு எழுதிவிடலாமே என்பாய். மலாயில் இரண்டு ஏ சேர்ந்து வந்தால் தனித்தனியாக உடைத்துப் படிப்பார்கள். மாஃப் என்று நாம் படிக்கும் மன்னிப்புச் சொல்லை அவர்கள் 'ம-அஃப்' என்றுதான் சொல்வார்கள். உன் பிள்ளை 'ப-அரி' ஆவான்.

இவ்வளவு பேசுகிற நான் புத்திசாலித்தனமாகவா வைத்தேன்? 1995-இல் மூத்தவன் பிறந்தபோது வீட்டில் பெரிய சண்டை. எனக்கு மதியழகன் வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்தே மனத்தில் வைத்திருந்த பெயர். என் வீட்டுக்காரருக்கோ ஆறுமுகம்தான் வேண்டும். மலேசியாவின் கால்பந்துக் கோல் காவலர் ஆறுமுகத்தை உனக்குத் தெரிந்திருக்காது. நீண்ட கைகளுக்காக ஸ்பைடர்மேன் என்று பெயர் வாங்கியவர். 1988-இல் விபத்தில் இறந்தார். இந்தத் தோட்டத்துப் பையன்களுக்கு அவர் தெய்வம். எனக்கு அது விளங்கவே இல்லை. எங்கள் ஊரில் தெருவுக்கு நான்கு ஆறுமுகம், அதில் இரண்டு பேர் குடிகாரர்கள். 'ஊரெல்லாம் கிடக்கிற பேரை என் பிள்ளைக்கு வைப்பதா' என்று கேட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் பெயருக்கே விட்டுக்கொடுத்தார். அடுத்தது ஆணாக இருந்தால் தன் இஷ்டம் என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு வருடமும் மதியழகனுக்கு ஒரு குறையும் இல்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வாரம் புதிதாக வந்த மலாய் ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கிறார். பெயர் நீளம். பாதியிலேயே நிறுத்தி, 'மாத்தி? மாத்தி வந்திருக்கிறானா?' என்றிருக்கிறார். மாத்தி என்றால் செத்துப்போனது. பின்வரிசையிலிருந்து ஒருவன் 'இன்னும் இல்லை ஆசிரியரே' என்றானாம். வகுப்பே சிரிக்க, ஆசிரியரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். நல்ல மனிதர், மறுநாளே அழகன் என்று மாற்றிக் கூப்பிட ஆரம்பித்தார். ஆனால் அன்று பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. 'மதி என்றால் நிலாடா' என்றேன். 'அப்படியானால் புலான் என்றே வைத்திருக்கலாமே' என்றான். எனக்கு அன்று அந்த மலாய்ச் சொல் தெரியாது. அவன் போன பிறகு அடுத்த வீட்டில் போய்க் கேட்டேன். புலான் என்றாலும் நிலாதான். வந்து ஒரு மாமாங்கம் கழிந்தும் நிலாவுக்கு மலாய்ச் சொல் தெரியாமல் இருந்திருக்கிறேன் என்ற வெட்கத்தில்தான் நான் மலாய் படிக்க உட்கார்ந்தேன்.

இரண்டாமவன் ஆறுமுகம். கேள், இன்றைக்கு அவன் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரே ஓர் ஆறுமுகம் அவன்தான். மற்ற நம் பையன்கள் எல்லாம் உன் வீட்டுக்காரர் தேடிப் பிடித்ததைப் போன்ற பெயர்கள். முனியம்மா, அஞ்சலை, பச்சையம்மாள் என்று ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டிமார்களின் பேரன்கள், எண்கணிதக்காரர் கூட்டிக் கழித்துக் கொடுத்த பெயர்களோடு திரிகிறார்கள். கூட்டுத்தொகை வரவேண்டும் என்று நடுவில் ஓர் எச், கடைசியில் இன்னோர் எச். யாரும் வைக்காத பெயர் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்து வைத்ததில், தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவில் 'வின்' என்று முடிகிற பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் ஏழு பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். இதைச் சொன்னால் என் ஓரகத்திக்குக் கோபம் வரும், வரட்டும்.

கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் ஒப்பந்த வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் வேறு ரகம். 'பசியாறியாச்சா' என்று இங்குள்ளவர்கள் கேட்டால் சிரிக்கிறார்கள். பசியாறுதல் எவ்வளவு பழைய, எவ்வளவு நல்ல தமிழ்! பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது அடுத்து அமெரிக்கா போனால் பொருந்துமா என்று பார்த்து வைக்கிறார்கள். அவர்களிடம் யோசனை கேட்காதே. நீ இருக்கப்போவது இங்கே.

பதிவில் மறுப்பார்களா என்று கேட்டாய். விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம், எண் இவற்றின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைக்கக்கூடாது என்று 2006-இல் தேசியப் பதிவு இலாகா ஒரு பட்டியலே வெளியிட்டது. அதில் கறுப்புசாமியும் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. என் மாமியார் அதைக் கேட்டு, 'எல்லையில் காவல் நிற்கிற சாமி பேரே ஆகாதா' என்று இரண்டு நாள் புலம்பினார். இவ்வளவுக்கும் நம் ஊரின் பெயர் சுங்கை சிப்புட். சிப்புட் என்றால் நத்தை. நத்தையாற்றில் குடியிருந்துகொண்டு பிள்ளைக்கு மட்டும் பிராணிப் பெயர் ஆகாது. உன் பட்டியலில் உள்ள பெயர்கள் எதிலும் அந்தத் தொல்லை இல்லை. திருக்கை மீனாக இருப்பதை நீயாகச் சொல்லாதவரை.

பிள்ளையின் பெயரைவிட அதன் பின்னால் வரும் பெயரைத்தான் பார்க்கவேண்டும். இங்கே ஏ, ஒரு சாய்கோடு, எல் என்று போட்டுத் தகப்பன் பெயரை எழுதுவார்கள். அனாக் லெலாக்கி, அதாவது இன்னாருடைய மகன். நம் ஊர் முன்னெழுத்தைப் போல ஓர் எழுத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. முழுப்பெயரும் சாகும்வரை கூட வரும். என் மாமனார் முனியாண்டி கைநாட்டு. தோட்டத்தில் பிள்ளை பிறந்தபோதெல்லாம் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். மூன்று மகன்களின் பிறப்புப் பத்திரத்தில் மூன்று முனியாண்டி. ஒன்று ஒய்யில் முடிகிறது, ஒன்று ஐயில் முடிகிறது, ஒன்றில் நடுவே ஓர் ஏ இல்லை. அவர் இறந்தபிறகு அவருடைய சேமிப்பை எடுக்கப் போனபோது, மூவரும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்று சத்தியப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வருடம் வாழ்ந்த மனைவி. ஒரு சொல் பேசவில்லை. வெளியே வந்து வெற்றிலையை எடுத்தவர் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே உன் வீட்டுக்காரர் அடையாள அட்டையையும் உன் பாஸ்போர்ட்டையும் எடுத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார். பத்திரம் கையில் வந்ததும் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே படி. பிள்ளை அழும், பின்னால் வரிசை நிற்கும். நிற்கட்டும்.

பெயரைச் சோதிக்க எனக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. ஒன்று மாமியார் சொன்னது. லயத்தில் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலிலும் ஒரு தாய் நின்று திடலைப் பார்த்துக் கூவுவாள். மாமியார் அகப்பையைக் கையில் பிடித்தபடி கூவினால் கோயில் வரை கேட்கும். கடைசி எழுத்தை இழுக்க வராத பெயர் பெயரே இல்லை என்பார். உன் வீட்டுக்காரர் பிடித்து வைத்திருக்கும் பெயரைப் பின்வாசலில் நின்று ஒருமுறை கூவிப்பார். 'ஷ்' என்று முடிவதை எங்கே இழுப்பாய்? கோழி விரட்டுவது போலத்தான் இருக்கும்.

இன்னொன்று இரண்டாமவன் பிறப்பதற்கு முன் நானே செய்தது. நாங்கள் சாமான் கடன் வாங்கும் சீனர் கடையில், சிகரெட் அட்டையைக் கிழித்து, மனத்தில் இருந்த நான்கு பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதி முதலாளியிடம் நீட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வாசித்தார். முதல் பெயரில் திணறினார். இரண்டாவதில் சிரித்துவிட்டு, ஏன் என்று சொல்ல மறுத்துவிட்டார். மூன்றாவதை விட்டுவிட்டார். கடைசியில் 'ஆறுமுகம்! கோல்கீப்பர்!' என்று கல்லாவைத் தட்டினார். வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். நீயும் பாரியை எழுதிக்கொண்டு போ. கடையிலிருப்பவர் சிரிக்காமல் வாசித்தால் தாராளமாக வை. நான் சொன்னேன் என்பதற்காக விட்டுவிடாதே.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கோயிலில் தாலி கட்டியதை விரிவாக எழுதியிருக்கிறாய், பதிவு என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. 1982 மார்ச் 1 முதல் இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதவர் திருமணத்துக்குப் பதிவு கட்டாயம். வெளிநாட்டில் நடந்த திருமணத்தை ஆறு மாதத்துக்குள் பதியவேண்டும். தாலி கட்டிய நாளிலிருந்து எண்ணினால் உனக்கு இரண்டு வாரம்தான் மிச்சம் இருக்கிறது. சட்டம் ஏற்கிற திருமணம் இல்லாமல் பிள்ளை பிறந்தால், தகப்பன் குடிமகனுக்குரிய நீல அடையாள அட்டைக்காரராக இருந்தாலும் அவர் வழியில் குடியுரிமை வராது. பிள்ளை உன் நாட்டுப் பிள்ளையாகிவிடும். பாரியா பரிதியா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இன்று மாலை உன் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் கேட்டு, பதிவு ஆகிவிட்டதா இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுது.