யாக்கோபும் பேதுருவும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

சென்ற வருடம் என் தம்பி ஒரு வேன் விபத்தில் இறந்துபோனான். சபையிலிருந்து ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நடந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் விபத்துக்குச் சற்று முன்புதான் பின் இருக்கைக்கு மாறியிருக்கிறார். அவருக்குக் கையில் எலும்பு முறிவு, அவ்வளவுதான். குணமான பிறகு அவர் சபையில் சாட்சி சொன்னார்: "கர்த்தர்தான் என்னை அந்த இடத்தைவிட்டு எழுந்து போகச் செய்தார்." எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். என் அம்மாவும் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. அவரை எழுப்பிவிட்டவர் என் தம்பியை ஏன் எழுப்பவில்லை?

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்றார்கள். "தோட்டக்காரர் நல்ல பூவைத்தானே பறிப்பார்" என்றார்கள். வேனின் பிரேக் சரியில்லை என்று ஓட்டுநர் முன்பே உரிமையாளரிடம் சொல்லியிருந்தாராம். போலீசார் அதுபற்றி வாக்குமூலம் கேட்கிறார்கள். அப்பாவோ, "தேவன் எடுத்துக்கொண்டதற்கு மனுஷன் மேல் வழக்கா?" என்று மறுக்கிறார்.

தேவ பராமரிப்பு என்று நாம் சொல்வதுதான் என்ன? எல்லாம் முன்பே தீர்மானமாகியிருந்தால் ஜெபம் எதற்கு? இப்படிக் கேட்பதே அவிசுவாசமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

---

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது அவிசுவாசம் இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்று கேட்கிற சங்கீதங்களைத்தான் நாம் ஆராதனையில் வாசிக்கிறோம். எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளைச் சொல்லியே முடிகிறது. கடைசி வரியில்கூட விடியவில்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. தேவன் இல்லை என்று முடிவு கட்டியவர் யாரிடம் போய்க் கேட்பார்? நீங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்போஸ்தலர் நடபடிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். உங்கள் கேள்வி அப்படியே அங்கே இருக்கிறது. ஏரோது ராஜா யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொல்லுகிறான். அந்த மரணத்துக்கு, இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா கொடுப்பது ஒரே ஒரு வசனம். அடுத்ததாகப் பேதுருவைப் பிடித்துச் சிறையில் போடுகிறான். நான்கு நான்கு பேராக 16 சேவகர் காவல். சபை ஊக்கமாக ஜெபிக்கிறது. இரவில் தூதன் வருகிறான், சங்கிலிகள் கழன்று விழுகின்றன, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. பேதுரு நேரே மாற்கின் தாயாகிய மரியாளின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் அவர் குரலைக் கேட்டதும், சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். உள்ளே இருப்பவர்கள், "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள்.

பேதுருவின் விடுதலையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். யாக்கோபைப் பற்றி யாராவது நின்று நிதானித்துப் பேசியதாக நினைவில்லை. யாக்கோபும் பேதுருவும் யோவானும் கடலோரத்தில் ஒரே நாளில் அழைக்கப்பட்டவர்கள். மறுரூப மலையிலும் கெத்செமனேயிலும் இயேசுவோடு இருந்த மூவர் அவர்கள்தான். ஒருவருக்குத் தூதன் வந்தான், ஒருவருக்கு வரவில்லை. அன்று இரவு அந்த வீட்டில் யோவான் இருந்தாரா என்று லூக்கா சொல்லவில்லை. இருந்திருந்தால், கதவு தட்டும் சத்தம் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? மற்றவர்கள் பேதுருவைச் சூழ்ந்துகொண்டு மகிழ்ந்தபோது அவர் எங்கே நின்றிருப்பார்? சாட்சி நேரத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

லூக்கா காரணம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். யாக்கோபுக்காகச் சபை சரியாக ஜெபிக்கவில்லை என்று எழுதவில்லை. யாக்கோபின் ஊழியம் முடிந்துவிட்டது என்றோ, பரலோகத்தில் அவர் தேவைப்பட்டார் என்றோ எழுதவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு மேலே போய்விடுகிறார். தப்பிய பேதுருவும் பின்னாளில் ரோமில் இரத்தசாட்சியாக இறந்தார் என்பது திருச்சபையின் மரபு. அப்படியானால் விடுவிக்கப்பட்டதை வைத்து, தேவன் யாரை அதிகமாக நேசித்தார் என்று கணக்குப் போட முடியாது. வேதமே மௌனமாக இருக்கிற இடத்தில், துக்க வீட்டுக்கு வந்தவர்கள் காரணம் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அது தவறு. அந்தப் பூ உவமையைச் சபைகளில் யாரும் இனிமேல் எடுக்காமல் இருந்தால் நல்லது. தன் ஆசைக்காகப் பிள்ளைகளைப் பறித்துக்கொள்கிற தகப்பனை இயேசு நமக்குக் காட்டவில்லை.

சரி, பராமரிப்பு என்பது என்ன? பழைய இறையியல் நூல்கள் அதை மூன்றாகப் பிரித்துச் சொல்லும். தேவன் தாம் படைத்ததைத் தாங்கி நிற்கிறார். படைப்புகளின் செயலோடு கூடவே செயல்படுகிறார். எல்லாவற்றையும் தம் நோக்கத்தை நோக்கி நடத்துகிறார். இதில் நடுவில் இருப்பதுதான் நம் சபைகளில் அதிகம் விடுபட்டுப் போகிறது. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்ற இறையியலாளர் இதை அழகாக விளக்கினார். எல்லாவற்றையும் தாமே நேரடியாகச் செய்ய முடியாததால் தேவன் மற்றவற்றைப் பயன்படுத்துகிறார் என்பதல்ல. தம் படைப்புகளுக்கும் காரணமாக இருக்கிற மதிப்பைக் கொடுக்க விரும்பினார் என்றார். மருந்து உண்மையாகவே குணமாக்குகிறது. விவசாயி உண்மையாகவே விளைவிக்கிறார். அதேபோல, தேய்ந்த பிரேக் உண்மையாகவே உயிரை வாங்குகிறது. தேவனுடைய ஆளுகையை மிக அழுத்தமாகச் சொல்லும் 1646-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கைகூட, பாவத்துக்குத் தேவன் காரணர் அல்ல, அது மனிதரிடமிருந்தே வருகிறது என்று திட்டமாகச் சொல்லிவிடுகிறது.

ஒருவேளை உங்கள் அப்பா மனதில் இருப்பது ஹைடல்பெர்க் வினாவிடை மாதிரியான ஒரு போதனையாக இருக்கலாம். சீர்திருத்த சபைகள் விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் நூல் அது, 1563-இல் எழுதப்பட்டது. மழையும் வறட்சியும், நலமும் நோயும், செல்வமும் வறுமையும் தற்செயலாக வருவதில்லை, தகப்பனின் கையிலிருந்தே வருகின்றன என்று அதன் 27-ஆம் கேள்விக்கு விடை சொல்கிறது. கடினமான வார்த்தைதான். நானும் அதை லேசாகச் சொல்வதில்லை. ஆனால் அடுத்த கேள்வியைப் பாருங்கள். இதை அறிவதால் நமக்கு என்ன பயன் என்று கேட்கிறது. துன்பத்தில் பொறுமை, இன்பத்தில் நன்றி, வரப்போகிற காரியங்களில் அவர் அன்பைவிட்டு எதுவும் நம்மைப் பிரிக்காது என்ற நம்பிக்கை. இவ்வளவுதான் பயன். நடந்ததற்குக் காரணம் கண்டுபிடிக்கும் திறமை நமக்கு வந்துவிடும் என்று அது சொல்லவில்லை. மேலும் விடை முழுவதும் "நாம்" என்று விசுவாசி தன் வாயால் தனக்காகச் சொல்வது. பக்கத்து வீட்டுக்காரரின் பிணத்தைக் காட்டிச் சொல்வதற்காக எழுதப்பட்டதல்ல.

யார் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சகோதரர்களே குழியில் போட்டு அடிமையாக விற்ற யோசேப்பை நினைத்துப் பாருங்கள். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற வார்த்தையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். ஆதியாகமம் தரும் வயதுகளைக் கூட்டிப் பார்த்தால், குழியில் போடப்பட்டபோது யோசேப்புக்கு 17 வயது. தேவன் என்னை முன்னே அனுப்பினார் என்று சகோதரர்களிடம் முதலில் சொன்னபோது ஏறக்குறைய 39. இந்த வசனத்தைச் சொன்னது அதற்கும் பல வருடம் கழித்து, தகப்பன் இறந்த பிறகு. அதிலும் தீமையைத் தீமை என்றே பெயர் சொல்லி அழைக்கிறார். இதே வார்த்தையை, அவர் குழியில் கிடந்து கெஞ்சியபோது மேலே நின்ற சகோதரர்கள் சொல்லியிருந்தால்? "தம்பி, எல்லாம் தேவ சித்தம்" என்று? சொல் ஒன்றே, ஆனால் அது கொடுமையாகியிருக்கும். பாதிக்கப்பட்டவர் தானாக, தன் காலத்தில் சொன்னால் அது விசுவாசம். அந்த நாள் உங்களுக்கு வரலாம், வராமலும் இருக்கலாம். வரவேண்டும் என்று உங்களை அவசரப்படுத்த யாருக்கும் உரிமையில்லை.

தேவன் இதைத் தீர்மானித்தாரா, அனுமதித்தாரா என்பதில் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை. சீர்திருத்தவாதி கால்வினின் வழி வந்தவர்கள் தீர்மானித்தார் என்பார்கள், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வழி வந்தவர்கள் அனுமதித்தார் என்பார்கள். நான் "அனுமதித்தார்" என்ற பக்கம் சாய்கிறேன். ஆனால் தம்பியை இழந்தவருக்கு இந்த இரண்டு சொல்லுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதும் எனக்குப் புரிகிறது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தீமை ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு அவசரப் பதில் எதுவும் போதாது என்று வெளிப்படையாகவே ஒத்துக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நேர்மை அது.

ஜெபம் எதற்கு என்று கேட்டீர்கள். கெத்செமனேயில் இயேசு "உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும்" என்றார், உண்மைதான். ஆனால் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும்" என்று கேட்ட பிறகே அப்படிச் சொன்னார். ஒரு முறையோடு விடவில்லை, மூன்று முறை ஜெபித்தார். பிதாவின் சித்தத்தை நன்றாக அறிந்தவரே கேட்கிறதை நிறுத்தவில்லை என்றால், நாம் ஏன் நிறுத்த வேண்டும்? நாம் கேட்பதும் அவர் நடத்துகிற விதத்துக்குள் ஒரு பகுதி என்றுதான் திருச்சபை எப்போதும் நம்பி வந்திருக்கிறது.

சாட்சி சொன்னவரைப் பற்றி ஒரு வார்த்தை. உயிர் தப்பியவர் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது, அதற்காக அவர்மேல் கோபப்படாதீர்கள். ஆனால் உங்கள் குடும்பம் உட்கார்ந்திருக்கிற சபையில் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று போதகர் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். "நான் உயிரோடிருக்கிறேன், நன்றி சொல்கிறேன், என் அருகில் இருந்த தம்பி ஏன் போனார் என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்காக அழுகிறேன்" என்று அவர் சொல்லியிருந்தால், உங்களாலும் ஆமென் சொல்ல முடிந்திருக்குமோ என்னவோ.

இனி வாக்குமூலம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: கொடுங்கள். நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில் பவுல் போகிற கப்பல் புயலில் சிக்குகிறது. கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவனுடைய தூதன் சொன்னதாகப் பவுலே அறிவிக்கிறார். அப்புறம் கப்பலாட்கள், நங்கூரம் போடப் போவதுபோல நடித்து, படகை இறக்கித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். அதே பவுல், ரோமப் படை அதிகாரியான நூற்றுக்கு அதிபதியிடம், "இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்பமுடியாது" என்கிறார். சேவகர் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். வாக்குத்தத்தம் இருக்கிறதே, யார் ஓடினால் என்ன என்று பவுல் சும்மா இருக்கவில்லை. கப்பல் தெரிந்தவர்கள் தங்கள் வேலையைச் செய்தாக வேண்டும் என்றார். தேவன் காப்பது அந்த வேலையின் வழியாகவும்தான்.

அப்பாவிடம் இந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். அவர் தேவனை நம்புகிறவர், அந்த நம்பிக்கையோடு மோத வேண்டாம். உரிமையாளரை மன்னிக்க அவர் விரும்பினால் அது அவருடைய உரிமை, மிகப் பெரிய காரியமும்கூட. ஆனால் செய்யாததைச் செய்ததாகத் தேவன்மேல் போட்டுவிட்டு மன்னிக்க முடியாது. பிரேக்கைப் பற்றி ஓட்டுநர் எச்சரித்திருந்தால், கேட்காமல் விட்டது ஒரு மனிதர். அதைச் சொல்வது தேவனுக்கு விரோதமாக வழக்குப் போடுவதாகாது. அதே உரிமையாளரிடம் வேறு வண்டிகளும் இருக்கலாம். அவற்றில் நாளைக்கு வேறு யாருடைய தம்பியோ ஏறப் போகிறான்.

அன்புடன்.