‘ஹலோ’ என்பது கிரகாம் பெல்லின் காதலியுடைய பெயரா? ‘குட்பை’ போன்ற சொற்கள் எப்படித் தோன்றின?

இல்லை. கேட்டவர் ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் இதைப் படித்துவிட்டு, நாலு பேரிடம் சொல்வதற்கு முன் சரிபார்க்க வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். சரிபார்க்காமலே மேடையேறியவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் அலுவலகத்தின் தொலைபேசி இணைப்புப் பலகையில் நெடுங்காலம் பணியாற்றிய ஒருவர் ஓய்வு பெற்றபோது, வாழ்த்திப் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. பெல் தம் காதலி மார்கரெட் ஹலோவைத்தான் தொலைபேசியில் முதன்முதலாக அழைத்தார் என்றும், உலகமே அவள் பெயரைத்தான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றும் உருகி உருகிப் பேசினேன், கைதட்டலும் கிடைத்தது. ஏற்புரைக்கு எழுந்த அவர், எனக்கு நன்றி சொல்லிவிட்டு, ஒரு சிறு திருத்தம் மட்டும் உண்டு என்றார். பெல் 1877ஆம் ஆண்டு மணந்த பெண்ணின் பெயர் மேபல் ஹப்பர்டு. ஐந்து வயதிலேயே காய்ச்சலில் செவித்திறனை இழந்த அவரைத் தொலைபேசியில் அழைத்து என்ன பயன் என்று அவர் கேட்டதும் அரங்கமே சிரித்தது. 1876 மார்ச் 10 அன்று பெல் முதலில் அழைத்தது தம் உதவியாளர் வாட்சனைத்தான் என்பதையும் அவரே சொன்னார்.

அந்த அவமானம் தாங்காமல்தான் நான் இவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். பெல்லுக்குப் பிடித்திருந்த சொல், கடலோடிகள் ஒருவரையொருவர் கூவியழைக்கும் ‘அஹோய்’. ‘ஹலோ’வைப் பரிந்துரைத்தவர் எடிசன். தொலைபேசியின் இணைப்பு எப்போதும் திறந்தே இருக்கும் என்ற எண்ணத்தில், மறுமுனையில் இருப்பவரை அழைக்கத் தனியாக மணி எதற்கு, ‘ஹலோ’ என்றால் 10 முதல் 20 அடி தொலைவுக்குக் கேட்குமே என்று 1877 ஆகஸ்டில் ஒரு கடிதத்தில் எழுதினார். எடிசனே அச்சொல்லைப் படைத்தார் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வியப்பைக் காட்டவும் கவனத்தை ஈர்க்கவும் அது அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அச்சில் இருந்தது. ‘ஹல்லோ’, ‘ஹொல்லா’ என்று அதற்கு மூத்த உறவுகளும் உண்டு.

‘குட்பை’க்குள் ஒரு முழு வாக்கியமே ஒளிந்திருக்கிறது. ‘கடவுள் உன்னோடு இருப்பாராக’ என்று பொருள்படும் ‘காட் பி வித் யீ’ 16ஆம் நூற்றாண்டிலேயே பேச்சில் தேய்ந்து சுருங்கத் தொடங்கி, ‘குட் டே’ போன்ற வாழ்த்துகளின் சாயலில் ‘காட்’ என்பது ‘குட்’ ஆகிவிட்டது. பிரெஞ்சு மொழியின் ‘அதியூ’வில் கடவுள் அப்படியே இருக்கிறார். என்னை மிகவும் வியக்க வைத்தது இத்தாலியரின் ‘சாவ்’. ‘நான் உங்கள் அடிமை’ என்று வெனிசு வட்டார மொழியில் பணிவோடு சொன்னதன் எச்சம் அது. இன்று நண்பர்கள் தோளில் தட்டிச் சொல்லிக்கொள்ளும் சொல். ஆஸ்திரியர்களின் ‘செர்வுஸ்’ என்பதும் இலத்தீனில் அடிமையைக் குறிக்கும் சொல்தான்.

நான் மொழியியல் படித்தவன் அல்லன். இத்தனை எழுதியபின் இதை ஒப்புக்கொள்வதுதான் முறை. ஆனால் ஒரு மனத்தாங்கலைச் சொல்லாமல் முடிக்க இயலவில்லை. என் மேடைப் பேச்சை எங்கள் அலுவலக உள்ளிதழ் முழுப் பக்கத்தில் வெளியிட்டது. நான் வருந்தி எழுதிக் கொடுத்த திருத்தத்துக்கு மட்டும், இரண்டு முறை நினைவூட்டியும், இடமில்லை என்றார்கள். சென்ற மாதம் மார்கரெட் ஹலோவின் கதை எனக்கே வாட்ஸ்அப்பில் வந்தது. ஆதாரமாக அதன் கீழே இணைத்திருந்தது, என் புகைப்படத்தோடு கூடிய அந்தப் பக்கத்தை.