ஒரே அறையில் நான்கு பேர்: ஒலிப்பதிவு கேள்வி - பதில்

வீட்டுக் கூடத்தில் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் நால்வரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஆளுக்கொரு மைக் வைத்துப் பதிவு செய்தோம். தனித்தனியே கேட்டால் குறையில்லை. நான்கையும் கலந்தால் மிருதங்கம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது. ஏன்?
– வாசகர், கும்பகோணம்

மிருதங்கத்தின் ஒலி பாடகரின் மைக்கிலும் விழுகிறது, கொஞ்சம் பிந்தி. ஒரு மீட்டர் கடக்க ஒலிக்குச் சுமார் 3 மில்லி செகண்ட் ஆகும். ஒன்றரை மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்த அதே மிருதங்கச் சொல், அதாவது அடி, நாலரை மில்லி செகண்ட் தாமதமாக வருகிறது. இரண்டும் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், சில தடித்துப்போகும். இதைப் பிற்பாடு ஈக்வலைசரால் சரிசெய்ய முடியாது. உட்காரும் இடத்தில்தான் சரிசெய்ய வேண்டும்.

பாடகருக்கு ஃபிகர்-8 மைக் வாடகைக்கு எடுங்கள். அது முன்னாலும் பின்னாலும் கேட்கும், இரண்டு பக்கவாட்டிலும் ஏறக்குறைய செவிடு. நம் மேடை வழக்கப்படி பாடகருக்கு ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். இருவரும் மைக்குக்கு நேர் பக்கவாட்டில் வரும்படி அரை அடி முன்னே பின்னே நகர்த்தினால் போதும், கசிவு வெகுவாக அடங்கிவிடும். ஆனால் கடத்தைப் பாடகருக்குப் பின்னால் உட்காரவைக்காதீர்கள். நேராக அந்த மைக்குக்குள் போகும். மிருதங்கத்தின் பக்கத்திலேயே இருக்கட்டும். மைக்கின் முதுகு பார்க்கும் சுவரில் ஜமுக்காளத்தையோ கனமான ரஜாயையோ தொங்கவிடுங்கள். வாயிலிருந்து 30 செ.மீ. தூரம் வேண்டும், இவ்வகை மைக்கை நெருங்கினால் கீழ்ஸ்தாயி வீங்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டிவிடலாம்.

மற்றவர்களின் மைக்குகள் பாட்டு மைக்கிலிருந்து குறைந்தது 90 செ.மீ. தள்ளி, அதாவது வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு. வயலினுக்கு மேலிருந்து, வில் மோதாத உயரத்தில், அரை மீட்டர். இத்தனை செய்தும் கொஞ்சம் கசியும். கசியட்டும், அதுதான் நால்வரும் ஒரே அறையில் இருப்பதைக் காதுக்குச் சொல்கிறது.

மின்விசிறி, ஏ.சி. இரண்டையும் நிறுத்தத்தான் வேண்டுமா?
– வாசகி, மதுரை

ஆம். ஏ.சி.யை முன்கூட்டியே ஓடவிட்டு, பதிவின்போது அணையுங்கள். அணைத்தபின் சுருதியை மறுபடி பாருங்கள். வெப்பமும் ஈரமும் மாறினால் மிருதங்கத் தோலும் மாறும். ஃபிரிட்ஜையும் அணையுங்கள். மறுபடி போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம்.

இரண்டே மைக்தான் இருக்கிறது. முடியுமா?
– வாசகர், திருநெல்வேலி

தாராளமாக. சிறிய குழுவுக்கு நான் முதலில் சொல்வதே இதுதான். ஒரே மாதிரியான இரண்டு கார்டியாய்ட் (முன்னால் வரும் ஒலியையே அதிகம் கேட்கும்) மைக்குகளை 17 செ.மீ. இடைவெளியில், ஒன்றுக்கொன்று 110 டிகிரி விரித்து ஒரே ஸ்டாண்டில் பொருத்துங்கள். பிரெஞ்சு வானொலி கண்ட முறை. உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் பதிவு செய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். மிருதங்கம் மேலோங்கினால் மைக்கைத் தொடாதீர்கள், ஆளைப் பின்னால் தள்ளுங்கள். எல்லாமே தூரமாய் எதிரொலித்தால் மட்டும் ஸ்டாண்டை முன்னே கொண்டுபோங்கள். 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் முடிவுக் கோர்வையில்தான் பலருக்கு அளவு மீறிச் சிவப்பு விளக்கு எரியும்.

சரணத்தில் பிசகியதைத் திரும்பப் பாடி ஒட்டினோம். ஒட்டு அப்பட்டமாகத் தெரிகிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பாட்டு டிராக்கை மட்டும் மாற்றியிருப்பீர்கள். பழைய பாட்டு வயலின் மைக்கில் இன்னும் இருக்கிறதே! எல்லா டிராக்குகளையும் ஒரே புள்ளியில் வெட்ட வேண்டும். வரி தொடங்கும் இடமான எடுப்பில் விழும் வலுவான மிருதங்கச் சொல்லுக்குச் சற்று முன்னால் வெட்டினால் அந்த அடி ஒட்டை மறைத்துவிடும். ஆகவே திரும்பப் பாடும்போது பிசகிய வரியில் ஆரம்பிக்காமல், நால்வரும் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) முன்னாலிருந்து வாசித்து வாருங்கள். காலப்பிரமாணமும் (வேகம்) முந்தைய சொல்லின் கார்வையும் (நீளும் ஒலி) பொருந்தும்.

இன்னொரு காரணம் தம்புரா. வெட்டிய இடத்தில் அதன் மீட்டு குதித்தால் எந்த ஒட்டும் தெரியும். எலக்ட்ரானிக் தம்புராவாக இருந்தால் அறையில் ஒலிக்கவிடாமல் நால்வருக்கும் ஹெட்ஃபோனில் ஒற்றைக் காதில் கொடுத்து, வெட்டி ஒட்டியபின் கடைசியில் சேருங்கள். டேக்குகளின் இடைவெளி நீண்டால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் பூசிய ரவை காய்ந்து ஒலி மாறிவிடும். ஈரப்படுத்திய பிறகே அடுத்த டேக்.