கனிமமும் பாறையும் ஒன்றுதானா?

இல்லை. கடலை மிட்டாயைப் பாறை என்று வைத்துக்கொண்டால், அதிலுள்ள கடலையும் வெல்லமும்தான் கனிமங்கள். சென்னையை அடுத்த பல்லாவரம் குன்றுகளின் கருங்கல்லையே பாருங்கள். அதன் பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இந்த வகைக் கல் இருந்ததால் வந்த பெயர் அது (நம் ஊர்க் கல்லுக்கு வாய்த்த பெயர்!). அதை உடைத்து லென்ஸில் பார்த்தால் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பைராக்சீன் எனத் தனித்தனி மணிகள் தெரியும். அவையே கனிமங்கள்.

கனிமம் இயற்கையில் உருவான திடப்பொருளாக இருக்க வேண்டும்; வரையறுக்கக்கூடிய வேதி இயைபும் ஒழுங்கான அணு அடுக்கும் வேண்டும். இந்தக் கணக்கில் இமயமலைப் பனிக்கட்டியும் கனிமமே, ஆனால் குளிர்பதனப் பெட்டியில் உறைந்த பனிக்கட்டி கனிமம் ஆகாது.

அடுக்குதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. பென்சிலின் கிராஃபைட்டும் வைரமும் வெறும் கார்பன்தான். ஆனால் 1812இல் ஃபிரெடரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் வைரத்துக்கு 10, கிராஃபைட்டுக்கு 2கூடத் தேறாது.

கனிமவியல் படிக்கத் தொடங்குபவர்கள் நிறத்தை நம்பிவிடக் கூடாது. பொன்போல் மின்னும் பைரைட்டை மெருகேற்றாத பீங்கானில் உரசினால் கறுப்புக் கோடு விழும். பொன்னோ மஞ்சளாகவே கோடு போடும்.