மருத்துவர் பதில்: ஊசி தனித்தனியாக இருந்தால் போதுமா?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான் என்பது போன மாதம்தான் தெரிந்தது. இரண்டு நண்பர்களோடு சேர்ந்து போட்டுக்கொள்கிறானாம். ஊசியை வெந்நீரில் கழுவிவிடுவதாகவும், இப்போதெல்லாம் ஆளுக்கொரு ஊசி வைத்திருப்பதாகவும் சொல்கிறான். வீட்டில் கிடைத்த சிரிஞ்சுகளை உடைத்து எறிந்துவிட்டேன். பரிசோதனைக்கு அழைத்துப் போனால் போலீசுக்குத் தெரிந்துவிடுமா? என் குழந்தைகளும் அதே வீட்டில் இருக்கிறார்கள். என்ன செய்வது, டாக்டர்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி உங்களிடம் இவ்வளவு விவரமாகப் பேசியிருக்கிறார் என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது. பழக்கத்திலிருந்து அவர் முழுமையாக மீள மாதக்கணக்கில் ஆகலாம், நடுவில் ஓரிரு முறை சறுக்கவும் கூடும். ஆனால் நோய்த்தொற்றைத் தடுக்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, அதை இன்றே தொடங்கிவிடலாம். சிரிஞ்சுகளை உடைத்த உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. இருந்தாலும் இனி அப்படிச் செய்ய வேண்டாம். உடம்பு மருந்தைக் கேட்டுத் தவிக்கும் நேரத்தில் புது ஊசி கையில் இல்லாதவர் சும்மா இருந்துவிடுவதில்லை; பக்கத்தில் இருப்பவருடைய ஊசியை வாங்கிப் போட்டுக்கொள்கிறார், தொற்றும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆளுக்கொரு ஊசி இருந்தால் ஆபத்து குறையும் என்பது உண்மைதான். ஆனால் மூவரும் ஒரே மூடியிலோ கரண்டியிலோ மாத்திரையைக் கரைத்து, ஒரே பஞ்சின் வழியாக உறிஞ்சி, ஒரே தம்ளர் தண்ணீரில் சிரிஞ்சை அலசினால், ஒருவருடைய ரத்தம் மற்ற இருவரையும் அடைய அதுவே போதும். ஊசி சிரிஞ்சோடு சேரும் கழுத்துப் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் எப்போதும் தங்கிவிடும். ஊசியைக் கழற்றி மாட்டும் வகைச் சிரிஞ்சில் இது இன்னும் கூடுதல். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமி அப்படித் தங்கிய ரத்தத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் தாங்கும். வெந்நீரில் கழுவுவதை நம்பவே கூடாது. சூடு பட்டதும் ரத்தம் உறைந்து உள்ளே ஒட்டிக்கொள்கிறதே தவிரக் கிருமி ஒழிவதில்லை. ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்கென்று செய்த பிளாஸ்டிக் சிரிஞ்சு கொதிக்க வைப்பதையும் தாங்காது. எனவே ஒவ்வொரு முறைக்கும் புதிய ஊசி, புதிய சிரிஞ்சு, தனி மூடி, தனிப் பஞ்சு, தனித் தண்ணீர் வேண்டும். இதைத் தம்பியிடம் தெளிவாகவே சொல்லுங்கள். இப்படிச் சொல்வது பழக்கத்துக்கு உடந்தையாக இருப்பதாகாது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் இந்தியாவின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் கடைப்பிடிப்பதும் இதே வழியைத்தான்.

மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்தோடு டால்க், மாவுப்பொருள், மரநார்த்தூள் போன்றவையும் கலந்திருக்கும். எவ்வளவு நுணுக்கிக் கரைத்தாலும் இவை முழுமையாகக் கரைவதில்லை. ரத்தக் குழாயில் போனால் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி நிரந்தர வடுக்களை உண்டாக்கும், தவறித் தமனியில் ஏறினால் விரல்கள் கறுத்து அழுகிப்போகும் நிலைகூட வரலாம். புது ஊசியால் இந்த ஆபத்தைத் தடுக்க முடியாது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

தோலில் உள்ள கிருமிகளாலும் பெரும் கேடு வருகிறது. ஊசி போடும் முன் கைகளையும் அந்த இடத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுவதும், ஊசி முனையை நாக்கில் நனைக்காமல் இருப்பதும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தாமல் இருப்பதும் சீழ்க்கட்டிகளைப் பெருமளவு தடுக்கும். கட்டி வந்துவிட்டால் வீட்டில் பிதுக்கவோ பிளேடால் கீறவோ கூடாது. காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிவப்பு வேகமாகப் பரவினாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். ஊசி போடுபவருக்கு வரும் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துத் தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் தோலிலிருந்து போகும் கிருமி இதய வால்வில் குடியேறினால் வாரக்கணக்கில் ஊசி மருந்து செலுத்தியும் சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம்.

பரிசோதனைக்கு வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. சோதனை அங்கே இலவசம். வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் சோதிப்பதையும் முடிவை வெளியிடுவதையும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. சிகிச்சைக்கு வந்தவரைப் பற்றிக் காவல் நிலையத்துக்குச் சொல்வது எங்கள் வழக்கமும் அல்ல. இந்தியாவில் முதன்முதலில், 1986-இல், சென்னையிலிருந்து வந்த ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தது நம் வேலூர் சி.எம்.சி. ஆய்வகம்தான். அன்று கையில் மருந்தே இல்லை. இன்று கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவர் நீண்ட நாள் நலமாக வாழ்கிறார். அந்தக் காலத்துப் பயம் மட்டும் இன்னும் நம்மை விடவில்லை. கடந்த 72 மணி நேரத்துக்குள் தம்பி வேறொருவர் ஊசியைப் பயன்படுத்தியிருந்தால் உடனே போக வேண்டும்; தொற்றைத் தடுக்க 28 நாள் மருந்து உண்டு, ஆனால் தாமதித்தால் பயனில்லை. முதல் சோதனையில் தொற்று இல்லை என்று வந்தாலும் 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஹெபடைட்டிஸ் பி, சி சோதனைகளையும் கேட்டுச் செய்யுங்கள். பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது: முதல் ஊசி, 1 மாதத்தில் ஒன்று, 6 மாதத்தில் ஒன்று. சி-க்குத் தடுப்பூசி இல்லையென்றாலும் பெரும்பாலோரை 12 வார மாத்திரையால் முழுமையாகக் குணப்படுத்த முடிகிறது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அது இலவசமாகவே கிடைக்கிறது. குணமானவருக்கும் மறுபடி தொற்றக்கூடும் என்பதால் ஊசி விஷயத்தில் கவனம் தொடர வேண்டும்.

பழக்கத்துக்கான சிகிச்சைக்கு அடுக்கம்பாறையிலேயே மனநலப் பிரிவை அணுகலாம், பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் இருக்கிறது. தேவையைப் பொறுத்து நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரையை மருத்துவர் நேரடிக் கண்காணிப்பில் தருவார். ஊசியின் தேவையே அதனால் குறைகிறது. போதை அளவு மீறித் தம்பி எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பூத்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

குழந்தைகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, மாமன் தூக்கிக் கொஞ்சுவதாலோ இந்த நோய்கள் தொற்றுவதில்லை. பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகியவை மட்டும் அவருக்குத் தனியாக இருக்கட்டும். குழந்தைகளின் தடுப்பூசி அட்டையில் ஹெபடைட்டிஸ் பி முழுமையாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்களாகிய நீங்களும் போட்டுக்கொள்வது நல்லது. பயன்படுத்திய ஊசியை மூடி போடாமல் அப்படியே கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் தம்பியே போட்டு, திருகி மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கட்டும். அது நிறைந்ததும் குப்பையில் போடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள். குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளர்களின் விரலில் அது குத்திவிடக் கூடாது.