நினைவு மலரில் எதை எழுதுவது?

கேள்வி: எங்கள் தந்தையார் தரைப்படையில் பணியாற்றி, 1971 போர் முடிந்து ஊர் திரும்பியபின் மின்வாரியத்தில் சேர்ந்து, கிராமப்புறப் பிரிவு அலுவலகம் ஒன்றின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவர். வரும் தை மாதம் முதலாண்டுத் திதிக்கு நினைவு மலர் ஒன்றை வெளியிட எண்ணுகிறோம். ‘தேசபக்தர், நேர்மையாளர், அன்பான குடும்பத் தலைவர்’ என்று போட்டால் போதும் என்கிறார் சித்தப்பா. போரில் டாக்கா வரை சென்றவர் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ராஜஸ்தான் எல்லையில்தான் இருந்தார் என்கிறார் அம்மா. துக்கம் விசாரிக்க வந்த பழைய கம்பியாளர் ஒருவர், “ஆள் கம்பத்தில் ஏறினால் ஐயா ஃபியூஸ் கேரியர்களைத் தம் பையில் போட்டுக்கொண்டு கீழேயே நிற்பார்” என்று சொல்லி அழுதார். இவற்றில் எதை எழுதுவது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: சித்தப்பா சொல்லும் மூன்றும் பொய்யல்ல. ஆனால் முச்சந்தியில் கட்டப்படும் ஒவ்வொரு கண்ணீர் அஞ்சலிப் பதாகையிலும் அவையே இருப்பதால், தங்கள் தந்தையாரை அவற்றில் யாரும் அடையாளம் காண முடியாது.

டாக்காவா, ராஜஸ்தானா என்ற வழக்கைப் பதக்கங்களே தீர்த்துவைக்கும். 1971 போரில் கிழக்கு முனையில் பணியாற்றியோருக்குப் பூர்வி ஸ்டாரும், மேற்கு முனையில் பணியாற்றியோருக்குப் பஸ்சிமி ஸ்டாரும் வழங்கப்பட்டன. படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தால் அதில் பிரிவும் பணிக்காலமும் இருக்கும். கிடைக்காவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். எல்லையில் காவல் இருந்தவரை டாக்காவுக்கு அனுப்பிவைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அம்மா சொல்வதே சரியாக இருக்கும் என்பது என் ஊகம்.

மலரின் பெரும்பகுதி மின்வாரியத்தைப் பற்றியே இருக்கட்டும். 1932இல் நீலகிரியின் பைக்காராவில் தொடங்கிய நீர்மின் உற்பத்தி கோவையின் ஆலைகளை வளர்த்தது. பின்னர் கம்பிகள் தோட்டங்களுக்குள் வந்தபோது, மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஏறியது. அந்த மின்சாரத்தின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடியபோதுதான் 1970இல் பெருமாநல்லூரில் விவசாயிகள் மூவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். 1972இல் உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகரை அடைத்து நின்றன. அந்தச் சூடு ஆறாத காலத்தில் வாரியத்தில் சேர்ந்தவர் தங்கள் தந்தையார். உழவர் அனைவருக்கும் இலவச மின்சாரம் வந்தது 1990இல்தான். அதுவரை, கட்டணப் பாக்கிக்காக மாமன் மச்சான் தோட்டத்து இணைப்பையே துண்டிக்க வேண்டிய நிலை அவருக்கு வந்ததா, வந்தபோது என்ன செய்தார், அதன்பின் அந்த வீட்டு விசேஷங்களுக்கு அழைப்பு வந்ததா என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். கசப்பான பதில் வந்தாலும் அதை விட்டுவிடாதீர்கள். நேர்மையாளர் என்ற சொல்லுக்குப் பொருள் அங்கேதான் இருக்கிறது.

கம்பியாளர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே முதல் பக்கத்தில் போடுங்கள். ஆள் மேலே இருப்பது தெரியாமல், பாதிப் பாத்தியில் தண்ணீர் நின்றுவிட்ட அவசரத்தில் யாராவது டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைச் சொருகிவிட்டால் கம்பத்தில் இருப்பவர் உயிர் போய்விடும். ஃபியூஸ் கம்பியைத் தாங்கும் பிடியான கேரியர் பொறுப்பாளரின் பையில் இருக்கும்வரை அதற்கு வழியில்லை. அவ்வளவு நேரம் அவர் வெயிலில் நின்றதற்கு வேறு காரணம் தேவையில்லை. படையில் பழகிய ஒழுங்கு ஊருக்கு எப்படிப் பயன்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தங்களுக்குக் கிடைக்காது. அலுவலகக் குறிப்பேடுகளில் லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்திக் கம்பியில் வேலை செய்யும் அனுமதி, வாங்கிய நேரமும் திருப்பித் தந்த நேரமும் எழுதப்பட்டிருந்தால், ஒரு பக்கத்தை அப்படியே படமாக அச்சிடலாம்.

குடும்பத்தைப் பற்றிய பகுதியைப் பிள்ளைகள் எழுத வேண்டாம் என்பேன். ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்த இரவுகளில் யார் கதவைத் தட்டினார்கள், அவர் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார், திரும்பும்வரை வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் தங்கள் தாயாருக்கே தெரியும். அவர் சொல்லச் சொல்ல யாராவது எழுதிக்கொள்ளட்டும். இலக்கணம் திருத்துகிறேன் என்று அவருடைய பேச்சைக் கெடுத்துவிட வேண்டாம். அச்சான பின் ஒரு பிரதியைப் பிரிவு அலுவலகத்துக்கும், இரண்டு பிரதிகளை அந்தக் கம்பியாளர் வீட்டுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.